ரோட்ஸ் தீவில் 'கையால் வரைந்த' தட்டு வாங்கப் போகிறவர்களுக்கு

ஒரு தட்டுக்குக் கொடுத்த 90 யூரோ போனது போனதுதான். அடுத்துப் போகிறவர்களுக்காவது மிஞ்சட்டும் என்று எழுதுகிறேன்.

கிரீஸின் ரோட்ஸ் நகரத்திலிருந்து லிண்டோஸ் கிராமம் சுமார் 50 கிலோமீட்டர். நாங்கள் போன சுற்றுலாப் பேருந்து வழியில் ஒரு பீங்கான் பட்டறையில் நின்றது. வாசலில் ஒரு பெரியவர் சக்கரத்தில் களிமண்ணை வைத்து இரண்டே நிமிடத்தில் ஜாடியாக்கிக் காட்டினார். உள்ளே ஒரு பெண், சூளையில் ஒருமுறை சுட்டெடுத்த தட்டில் கோபால்ட் நீலத்தால் பாய்மரக் கப்பல் வரைந்துகொண்டிருந்தார். என்ன கை அது! வாயைப் பிளந்து பார்த்தோம். பார்த்த சூடு ஆறுவதற்குள் கடைப் பக்கம் கூட்டிப்போய்விட்டார்கள்.

கடைக்காரர் ஒரு கதையும் சொன்னார். புனித யோவான் படைவீரர்கள் என்ற கிறிஸ்தவத் துறவிப் படையினர் தீவை ஆண்ட காலத்தில், கப்பலில் பிடிபட்ட பாரசீகக் குயவர்கள் லிண்டோஸில் தொடங்கிய கலையாம் இது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து படித்தால், பழைய 'லிண்டோஸ் தட்டுகள்' துருக்கியின் இஸ்னிக் நகரில் செய்யப்பட்டு இங்கே வந்தவை. பாரிஸின் க்ளூனி அருங்காட்சியகம் 1865 முதல் 1878 வரை இந்தத் தீவிலிருந்து அவற்றை நூற்றுக்கணக்கில் வாங்கியதில் ரோட்ஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தத் தட்டுகளுக்குப் பேர்போன பளிச்சென்ற சிவப்பு இஸ்னிக்கில் வந்ததே 16-ஆம் நூற்றாண்டின் நடுவில். படைவீரர்களோ 1522-இல் தீவை ஒட்டோமான்களிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். சரி, கதைக்கு யாரும் காசு கேட்கவில்லை. தட்டுக்கு வருகிறேன்.

முப்பது சென்டிமீட்டர் அகலம். நடுவில் ஒரு மான், சுற்றிலும் துலிப் பூவும் கார்னேஷனும். மான்தான் ரோட்ஸின் சின்னம். பின்னங்கால் ஒன்றில் கோடு லேசாக நடுங்கியிருந்தது. "பார், இதெல்லாம் மெஷினில் வராது" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னவன் நான்தான். கடைக்காரர் புன்னகையோடு தலையாட்டினார். இப்போது நினைத்தாலும் அந்தப் புன்னகைதான் சுடுகிறது.

ஒரு மணி நேரம் கழித்து, லிண்டோஸ் கோட்டைக்கு ஏறும் சந்தில், ஒரு பரிசுப்பொருள் கடையில் அதே மான். விலை 18 யூரோ. அதே பின்னங்கால், அதே நடுக்கம். அடுக்கிலிருந்த மற்ற இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். மூன்று மான்களுக்கும் ஒரே இடத்தில் கால் நடுங்கியது.

யாரோ ஒருவர் ஒருமுறை நிஜமாகவே வரைந்திருக்கிறார். அதை அச்சடித்து, டெக்கால் என்னும் மெல்லிய படலமாகத் தட்டில் ஒட்டிச் சூளையில் வைத்தால், படலம் எரிந்துபோய் வண்ணம் மட்டும் பதிந்துவிடும். கைநடுக்கமும் சேர்ந்தே அச்சாகும்.

மறுநாள் வேலை மெனக்கெட்டு ஊர்ப் பேருந்து பிடித்துப் பட்டறைக்குத் திரும்பினேன். கடைக்காரர் அசரவில்லை. விளிம்பிலுள்ள சிவப்புப் புள்ளிகளைக் காட்டி, "இவை கையால் வைத்தவை, அப்படியானால் கைவண்ணம்தானே?" என்றார். பின்பக்கம் 'ஹிரொபீயிதோ' என்று முத்திரை இருந்தது. கிரேக்கத்தில் அதற்குக் 'கையால் செய்தது' என்று பொருள்; படம் வரைந்தது யார் என்று அது சொல்வதில்லை. ரசீதில் வெறுமனே 'பீங்கான்' என்றுதான் இருந்தது. ஐரோப்பாவில் 14 நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று எங்கோ படித்ததை எடுத்துவிட்டேன். அது இணையம், தொலைபேசி போன்ற வழிகளில் வாங்குவதற்குத்தான், கடையில் நேரில் வாங்கியதற்குச் செல்லாது என்றார். அது உண்மையும்கூட. உள்ளே எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் பாய்மரக் கப்பலைத்தான் வரைந்துகொண்டிருந்தார். முந்தைய நாள் நாங்கள் பார்த்தபோது தூரிகை கப்பலின் எந்தப் பாயில் நின்றதோ, அதே பாயில்.

ரோட்ஸில் ஒழுங்காக வரைந்து விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், அதே படத்தில் இன்னொரு தட்டைக் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இலையின் வளைவோ கண்ணின் அளவோ எங்காவது மாறியிருக்க வேண்டும். போன் கேமராவில் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிந்தால் அச்சு. புள்ளி தெரியாவிட்டாலும் உடனே நம்பிவிட வேண்டாம், துணி வலை வழியாக வண்ணத்தைத் தள்ளும் திரை அச்சில் புள்ளி இல்லாமலும் போகலாம். அப்போது நிறம் வண்ணம் பூசிய சுவர் மாதிரி ஒரே சீராக இருக்கும். தூரிகைக் கோட்டில் ஓரிடம் வெளுத்தும், நீலம் தேங்கிய இடம் அடர்ந்தும் இருக்கும். முக்கியமாக, 'முழுப் படமும் கையால் வரைந்தது' என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் தட்டைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள், பேருந்து காத்திருந்தாலும் சரி.

பணம் திரும்பவில்லை. சமாதானத்துக்கு ஒரு காந்த ஒட்டி கொடுத்தார்கள். நான் வேண்டாமென்றேன், மனைவி வாங்கிக்கொண்டாள். தட்டில் இப்போது வீட்டுச் சாவி கிடக்கிறது. உணவு வைப்பதில்லை. 'அலங்காரத்துக்கு மட்டும்' என்று பின்னால் போட்டிருக்கிறார்கள், அப்படிப்பட்ட பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அந்த ஒரு வரியையாவது ஒளிக்காமல் எழுதினார்களே.