மரை போன டிரெயின் போல்ட் ஓட்டைக்கு ஹெலிகாயில் செட்: வாங்கலாமா?

இன்ஜின் அடியில் ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்டின் ஓட்டையில் மரை போய்விட்டால், அதில் சற்றுப் பெரிய மரை வெட்டி, கம்பிச் சுருள் ஒன்றை உள்ளே இறக்கி, பழைய அளவு போல்ட்டே பிடிக்கும்படி செய்வதுதான் ஹெலிகாயில். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். ஆனால் டப்பாவில் இருக்கும் எல்லாவற்றையும் நம்பி இன்ஜினில் விட்டுவிடக் கூடாது. நான் வாங்கியது 12x1.5 அளவுக்கான (12 மி.மீ. போல்ட், மரைக்கு மரை இடைவெளி, அதாவது பிட்ச், 1.5 மி.மீ.) செட், பெரிதாகப் பெயர் எதுவும் இல்லாத தயாரிப்பு, ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே ஒரு டிரில் பிட், மரை வெட்டும் டேப், ஸ்பிரிங் போலச் சுருண்ட ஸ்டெயின்லெஸ் கம்பி இன்செர்ட்டுகள், அவற்றைத் திருகி இறக்க ஒரு கைப்பிடி, இன்செர்ட்டைத் திருகப் பிடிப்பாக அதன் நுனியில் இருக்கும் வாலைக் கடைசியில் உடைக்க ஒரு குச்சி.

இது எதற்குத் தேவைப்பட்டது என்றால், வண்டி பழைய ஸ்ப்ளெண்டர். ஆயில் மாற்றக் கொடுத்த இடத்தில் டிரெயின் போல்ட்டுக்குப் பழைய வாஷரையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். அந்த வாஷர் மெத்தென்ற அலுமினியம், ஒரு முறை நசுங்கி அடைத்துக்கொள்வதுதான் அதன் வேலை, அடுத்த முறை புதிது போட வேண்டும், விலையும் சில ரூபாய்தான். பழசு கசியத்தானே செய்யும்? கசிந்ததும் வாஷரை மாற்றாமல் 17 ஸ்பேனரில் பைப்பைச் செருகி முடுக்கியிருக்கிறார் அந்த மெக்கானிக். போல்ட் எஃகு, அது ஏறும் இன்ஜின் கூடான கிராங்க் கேஸ் அலுமினியம், எது தோற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதோடு விட்டாலும் பரவாயில்லை, டெஃப்லான் சுற்றி, மேலே எம்-சீல் அப்பி, ஒரு வார்த்தை சொல்லாமல் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். ஆயில் தரையில் சொட்டிய பிறகு போய்க் கேட்டால், "கிராங்க் கேஸையே மாத்தணும் சார்" என்கிறார், ஏதோ நான் உடைத்துக் கொண்டுவந்த மாதிரி.

கிராங்க் கேஸ் மாற்றுவது என்றால் இன்ஜினை முழுதாகப் பிரிக்க வேண்டும். அது மட்டுமில்லை, இன்ஜின் நம்பர் அதில்தான் பொறித்திருக்கும், மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸ், ஆர்.சி. புத்தகம் என்று அலைய வேண்டியிருக்கும். ஒரு ஓட்டைக்காக இவ்வளவா! அடுத்த அளவு பெரிய போல்ட்டை முறுக்கி ஏற்றிவிடலாம் என்று ஒரு யோசனை எல்லோரும் சொல்வார்கள். தானே மரை வெட்டிக்கொண்டு போகும் அந்த வகை போல்ட் கோணலாகப் போனால் கேஸ் விரிசல் விடும், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. லேத் பட்டறையில் ஓட்டையைப் பெரிதாக்கி, உள்ளே மரை உள்ள புஷ் (உலோக வளையம்) அடித்துத் தருவார்கள், வேலையும் சுத்தமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் இன்ஜினை இறக்கிக் கொண்டுவரச் சொல்வார்கள். அதனால்தான் இந்த செட்.

இப்போது செட்டைப் பற்றி. டிரில் பிட்தான் இதில் மட்டமான பாகம், முனை சரியாகத் தீட்டப்படவே இல்லை. நல்லவேளையாக அதற்கு இங்கே வேலை குறைவு. மரை போன 12 மி.மீ. ஓட்டை ஏற்கெனவே கிட்டத்தட்ட வேண்டிய அளவில்தான் இருக்கும், மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் மரைத் துணுக்குகளைச் சீவினால் போதும். டிரில் மிஷினை எடுக்கவே எடுக்காதீர்கள், மெத்தென்ற அலுமினியத்தில் பிட் இழுத்துக்கொண்டு உள்ளே பாயும். பிட்டின் பின்முனையை கிரிப் பிளையரில் பிடித்துக் கையால் மெதுவாகத் திருகினேன், வந்துவிட்டது.

டேப் பரவாயில்லை, கூர்மை இருந்தது. அதன் பள்ளங்களில் கிரீஸை நன்றாக அப்பி, அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று போக வேண்டும், இடையிடையே வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி கிரீஸ். இந்தத் துகள் விஷயத்தில் சோம்பேறித்தனம் கூடவே கூடாது, ஏனென்றால் ஸ்ப்ளெண்டரில் கார் மாதிரி காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. அடியில் ஒரு வலை, அப்புறம் கிராங்கோடு சுற்றிக்கொண்டே அழுக்கை ஓரத்துக்குத் தள்ளும் மையவிலக்கு ஃபில்டர், அவ்வளவுதான். காந்தம் விட்டு எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள், அலுமினியம் ஒட்டாது. வேலை முடிந்ததும் போல்ட் போடாமலே மேலே இருந்து மலிவான ஆயிலை ஊற்றி, கீழே சுத்தமாக வரும்வரை கழுவினேன். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு கிளட்ச் பக்கக் கவரைத் திறந்து வலையையும் அந்த ஃபில்டரையும் துடைத்துவிடுவது நல்லது, கவர் கேஸ்கெட் புதிதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்செர்ட்தான் இந்தச் செட்டின் உயிர், அது அருமை. மேல் விளிம்பிலிருந்து அரை மரை அளவு உள்ளே போய் உட்கார வேண்டும், வெளியே துருத்தினால் வாஷர் சரியாகப் படியாது. ஆனால் அந்த வாலை உடைக்கும் குச்சி! தட்டினால் உடைந்த துண்டு நேராக இன்ஜினுக்குள் விழும், அது ஸ்டெயின்லெஸ் என்பதால் காந்தம் அதையும் ஒழுங்காக இழுக்காது. கூடவே வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. குச்சியை ஓரமாக வைத்துவிட்டு, நீள மூக்கு பிளையரால் வாலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் துண்டு கையோடு வந்துவிடும். வால் இல்லாத இன்செர்ட்டும் விற்கிறார்கள், விலை கூடுதல்.

முடுக்குவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த அளவு போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர் வாக்கில் போதும். அதாவது ஓரடி நீள ஸ்பேனரின் நுனியில் எட்டு ஒன்பது கிலோ எடை தொங்கினால் எவ்வளவோ அவ்வளவுதான். பைப்பைச் செருகி அதை இரண்டடி ஆக்கி, இருபது கிலோ விசையில் இழுத்தாலே கணக்கு 120-ஐத் தொடும். டார்க் ரென்ச் இருந்தால் நல்லது, இல்லையென்றால் குட்டை ஸ்பேனரும் புது வாஷரும் போதும்.

இப்போது ஒரு சொட்டுக் கசிவு இல்லை, அதற்கப்புறம் ஆயில் மாற்றக் கழற்றியபோதும் இன்செர்ட் கூட வராமல் இருந்த இடத்திலேயே நின்றது. இன்செர்ட்டுக்கு ஐந்துக்கு ஐந்து, டேப்புக்கு நான்கு, டிரில் பிட்டுக்கு ஒன்று கொடுப்பதே தாராளம். வாங்கும்போது டப்பாவில் 12x1.5 என்று இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள், வெறுமனே "12 எம்.எம்." என்று கேட்டால் 1.75 பிட்ச் செட்டை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், அது இந்த போல்ட்டுக்குச் சேராது.