வாளையார் தாண்டி ‘ஸ்ட்ரீட் ட்ரையல்ஸ்’ சைக்கிள் வாங்கப் போறீங்களா? ஒரு நூலும் காந்தமும் எடுத்துட்டுப் போங்க

கோவை, பொள்ளாச்சிப் பையன்கள் பாலக்காடு பக்கம் போய் ‘ஸ்டன்ட் சைக்கிள்’ வாங்கி வருவது கூடிக்கொண்டே போகிறது. தெருவில் படிக்கட்டு, சுவர் என்று தாண்டிக் குதித்து வித்தை காட்டுவதற்கான சைக்கிள்தான் ‘ஸ்ட்ரீட் ட்ரையல்ஸ்’. அப்படி வந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்ததில் கிடைத்தது இது. வாங்கியவர் கல்லூரி மாணவர், கொடுத்தது முப்பத்தெட்டாயிரம். “சாதனம் ஒரிஜினல், தம்பி. அலாய் ஃப்ரேம்” (அலுமினியக் கலவை) என்று சொல்லி, ஸ்காட்லாந்து சைக்கிள் வித்தைக்காரர் டேனி மக்காஸ்கில் 2009-ல் எடின்பரோ தெருக்களில் ஓட்டிய வீடியோவையும் போனில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அவர் ஓட்டியது 24 அங்குலச் சக்கரம் வைத்த ‘இன்ஸ்பயர்டு’ கம்பெனி வண்டி. இந்த மாணவர் கைக்கு வந்தது சாதாரண 26 அங்குல எம்டிபி (மவுன்டன் பைக்). முன்பக்க சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டு, முன்சக்கரத்தைப் பிடிக்க இரும்பு ஃபோர்க் போட்டு, கியரைப் பிடுங்கி, மேலே கறுப்பு பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

காந்தம் வைத்தால் ஃப்ரேம் பிடித்துக்கொண்டது. இரும்பு கெட்டதில்லை, நல்ல குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) ஃப்ரேமும் இரும்புதான். அலாய் என்று விலை வாங்கியதுதான் ஏமாற்று. பின்சக்கரத்துப் பக்கம் பெயிண்டைச் சுரண்டினால், டெரெய்லர் (கியர் மாற்றும் கருவி) தொங்கும் காதை கிரைண்டரால் அறுத்த தழும்பு பளபளவென்று தெரிந்தது. அச்சு உட்காரும் வெட்டு செங்குத்தாக இருந்ததால் சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை முறுக்க வழியில்லை. அதற்காக, செயினை இழுத்துப் பிடிக்கும் ஒரு ஸ்பிரிங் டென்ஷனரைத் தொங்கவிட்டிருந்தார்கள். தட்டை ரோட்டில் இது ஓடும். பின்சக்கரத்தில் நின்று குதிக்கும்போது முழு எடையும் பெடலில் இறங்கும், அப்போது செயின் பல் தாண்டக்கூடும். தாண்டினால் கால் வழுக்கி முட்டி போய் ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மில் இடிக்கும். அச்சு உட்காரும் வெட்டு படுத்தவாக்கில் இருந்து, அதில் செயின் இழுக்கும் போல்ட்டும், பின்னால் குயிக் ரிலீஸுக்கு (கையால் கழற்றும் நெம்புகோல்) பதில் நட்டு போட்ட அச்சும் இருந்தால் அது இந்த வேலைக்கு ஏற்ற ஃப்ரேம்.

நூல் எதற்கென்றால், முன் அச்சிலிருந்து பின் அச்சுக்கு இழுத்துப் பிடித்துப் பார்க்க. கிராங்க் (பெடல் மாட்டும் கை) சுழலும் மையம் நூலுக்கு நேராகவோ மேலேயோ இருந்தால் ஸ்ட்ரீட் ட்ரையல்ஸ். கீழே தொங்கினால் அது பெரும்பாலும் வேறு ஜாதி வண்டி. நாங்கள் பார்த்ததில் ஐந்து செ.மீ. கீழே கிடந்தது. காரணம் ஃபோர்க். 100 மி.மீ. சஸ்பென்ஷனுக்கு வடிவமைத்த ஃப்ரேமில் ஆறு செ.மீ. குட்டையான ஃபோர்க்கை மாட்டினால் முன்பக்கம் அமுங்கும், ஹெட் ஆங்கிள் (ஃபோர்க் சாயும் கோணம்) மூன்று டிகிரி நிமிரும், கிராங்க் மையமும் இரண்டு செ.மீ.க்கு மேல் இறங்கும். படிக்கட்டில் இறங்கும்போது இப்படிப்பட்ட வண்டி ஆளை ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கிப் போடப் பார்க்கும். டேப் இருந்தால் கிராங்க் மையத்திலிருந்து பின் அச்சு வரையும் அளந்துவிடுங்கள். 40 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், சாதாரண எம்டிபியில் 42, 43 வரும்.

அடுத்து ஹப், அதாவது பின்சக்கரத்தின் நடு உருளை. கிராங்கைப் பிடித்துக்கொண்டு பின்சக்கரத்தை மெதுவாக ஒரே ஒரு சுற்று சுற்றி, ‘டிக்’ சத்தத்தை எண்ணுங்கள். இந்த வண்டியில் பதினெட்டு. முன்னால் 22 பல், பின்னால் 17 பல், 170 மி.மீ. கிராங்க் என்று வைத்தால், பிடிக்கும் முன் பெடல் நாலரை செ.மீ. வரை சும்மா நகரும். 72 டிக் உள்ள ஹப்பில் அது ஒரு செ.மீ. சொச்சம். அந்த இடைவெளியில்தான் பேலன்ஸ் போகிறது. புதிதாகப் பழகுகிறவர் தன் கால்மேல் சந்தேகப்படுவார், பாவம்.

பழைய அலாய் வண்டி என்றால் ஹெட் ட்யூப் (ஹேண்டில்பாருக்குக் கீழுள்ள முன் குழாய்) வெல்டிங், கிராங்க் பக்கம், ஃபோர்க்கின் கழுத்து இந்த மூன்றிலும் பழைய வேட்டித் துணியால் துடையுங்கள். துணியின் நூல் மாட்டினால் விரிசல். புதுப் பெயிண்டோ, பொருந்தாத ஸ்டிக்கரோ அந்த இடத்தில் இருந்தால் தொடாதீர்கள். “வெல்டு அடிச்சுத் தரேன்” என்பார்கள். 6061 என்ற அலுமினிய அலாயை வெல்டிங்குக்குப் பிறகு சூட்டில் பதப்படுத்தாவிட்டால் அந்த இடம் பலமிழந்தே இருக்கும்.

இந்தக் காசுக்கு என்ன வாங்கலாம்? படுத்தவாக்கு வெட்டு உள்ள 26 அங்குல டர்ட் ஜம்ப் ஹார்ட்டெயிலே (மண் மேட்டில் குதிக்கச் செய்த, முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி) மேல். ஃபோர்க்கைக் கெட்டியாக்கி வைத்து நின்று பேலன்ஸ் பிடிப்பதையும் பன்னி ஹாப்பையும் (இரு சக்கரத்தையும் தூக்கிக் குதிப்பது) அதிலேயே பழகலாம். 24 அங்குலம் என்றால் 2.4 அகல டயர் எங்கே கிடைக்கும் என்று முதலில் விசாரியுங்கள். உள்ளூர்க் கடையில் அந்த அளவில் இருப்பது பெரும்பாலும் பிள்ளைகள் சைக்கிளின் ஒல்லி டயர்.

அந்த மாணவருக்குக் கொடுத்த துண்டுச் சீட்டில் ‘சைக்கிள் – 1’ என்று மட்டும் இருந்தது. ஜிஎஸ்டி எண்ணோடு பில் கேளுங்கள். ‘ஸ்ட்ரீட் ட்ரையல்ஸ், அலாய் ஃப்ரேம்’ என்று வாயால் சொன்னதை அதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் திரும்பி வந்துவிடலாம். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். கடை கேரளத்தில் இருந்தாலும், 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வண்டியை அதுவரை பிரித்து மாற்றிவிடாமல், அறுத்த காது தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள்.