உடைப்பதா, ஒட்டுவதா: மலை வீட்டுக் குளியலறைக்கு ஒரு செலவுக் கணக்கு

எங்கள் வீடு கோத்தகிரியில், சாலையிலிருந்து 43 படி கீழே இருக்கிறது. குளியலறையைப் புதுப்பிக்கலாம் என்று வீட்டில் முடிவானதும் சமவெளியில் இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "என்ன டைல்ஸ் போடப் போறே?" நான் முதலில் எண்ணியது படிகளை. ஒரு மூட்டை சிமெண்ட் கீழே இறங்க என்ன கூலி, ஒரு மூட்டை இடிபாடு மேலே ஏற என்ன கூலி, ஜனவரி மாதக் காலையில் 74 வயது அம்மாவுக்கு வெந்நீர் எங்கிருந்து வரும். மலையில் இந்த மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகுதான் டைல்ஸ் கடைக்குள் போக வேண்டும் என்பது என் கருத்து.

அறை 6 அடிக்கு 8 அடி. தரை 48 சதுர அடி. சுவர், 7 அடி உயரத்துக்கு, கதவும் ஜன்னலும் போக ஏறக்குறைய 175 சதுர அடி. கையில் இருந்தது 2 லட்சம். மூன்று மேஸ்திரிகளை வரவழைத்துக் காட்டினோம். மூன்று பேரும் மூன்று வழி சொன்னார்கள்.

முதல் மேஸ்திரி எல்லாவற்றையும் செங்கல் தெரியும்வரை உடைத்துவிட்டுப் புதிதாகப் பூசி ஒட்டச் சொன்னார்: 1,85,000 ரூபாய். இரண்டாமவர், "எதுக்கு டீச்சர் உடைக்கணும்? பழைய டைல்ஸ் மேலேயே பசை வச்சு ஒட்டிடலாம், ஒரே வாரம்" என்றார்: 1,30,000. மூன்றாமவர் தரையையும் சுவரில் கீழ் 3 அடியையும் மட்டும் உடைத்துவிட்டு, மேலே இருப்பதன் மீது ஒட்டலாம் என்றார்: 1,55,000. வெந்நீர் ஏற்பாடு மூன்றிலும் சேராது.

முதலுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் இருக்கும் 55,000 எங்கே போகிறது என்று உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். உடைக்கும் கூலி அதில் சின்னப் பங்குதான். தரையின் பழைய சாந்துப் படுகை 2 அங்குலம், சுவரில் டைலும் பூச்சும் சேர்த்து ஓர் அங்குலத்துக்கு மேல். கணக்குப் போட்டால் ஒன்றரை டன் இடிபாடு வருகிறது. முப்பது கிலோ மூட்டையாகக் கட்டினால் ஐம்பது மூட்டை. ஒவ்வொன்றும் முதுகில் ஏறி 43 படி மேலே போக வேண்டும். பிறகு பிக்கப் வண்டி வைத்து அதைக் கொட்ட இடம் தேட வேண்டும். ஓடையிலும் சரிவிலும் தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த ஐப்பசி மழையில் அது யார் வீட்டுக் கொல்லைப்புறத்தில் போய் நிற்கும் என்பதை நினைத்தால் அந்த எண்ணமே வராது. இடிபாடு மேலே போன கையோடு, கிட்டத்தட்ட அதே எடைக்கு எம்-சாண்டும் சிமெண்டும் கீழே இறங்க வேண்டும். எம்-சாண்டோ மேட்டுப்பாளையம் பக்கமிருந்து மலையேறி வருவது. இங்கே வந்து சேரும்போது அதன் விலையில் வண்டி வாடகையே பெரும் பங்கு.

அப்படியென்றால் ஒட்டுவதுதானே புத்திசாலித்தனம்? நானும் அப்படித்தான் நினைத்தேன், கீழ் வீட்டு அக்காவின் சமையலறைச் சுவரைப் பார்க்கும் வரை.

எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு தடுப்புச் சுவர், அதை ஒட்டி அவர்கள் வீடு. இரண்டு வருஷமாக அவர்கள் சமையலறைச் சுவரில் ஓர் இடம் உப்புப் பூத்து, சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டே இருந்தது. மழை ஈரம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். பிப்ரவரியில், மழையே இல்லாத நாட்களிலும் அது காயவில்லை. சந்தேகம் வந்து பத்து நாள் எங்கள் குளியலறையைப் பூட்டி வைத்தோம். அவர்கள் சுவர் காய ஆரம்பித்தது. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தைச் சொல்லி மாளாது. முன்பு தரை போட்டவர் வாட்டர்ப்ரூஃப் பூச்சே கொடுக்காமல் நேராகச் சாந்தில் டைல்ஸ் பதித்திருக்கிறார். இணைப்புகளில் இறங்கிய தண்ணீர் சரிவு வழியே அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறது.

சமவெளியில் தனி வீட்டுத் தரை ஒழுகினால் அந்த வீட்டு மண்ணுக்குள்ளேயே போகும். மலையில் நம் தரை இன்னொருவர் தலைக்கு மேலே இருக்கிறது. ஆகவே ஒழுகும் தரையின் மேல் பசை போட்டு ஒட்டுவது என்பது 55,000 மிச்சம் பிடித்து நோயை மூடி வைப்பது.

ஒட்டும் முறையை முழுக்க ஒதுக்கவும் வேண்டாம். எங்கே ஒட்டலாம் என்பதற்கு மேஸ்திரி ஒரு வழி காட்டினார். ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துச் சுவர் டைல் ஒவ்வொன்றிலும் தட்டிக்கொண்டே போனார். இறுகப் பிடித்திருக்கும் டைல் 'டக்' என்று அடங்கிச் சத்தம் கொடுக்கும். பின்னால் காற்றிருந்தால் காலி டப்பா போலக் கேட்கும். எங்கள் சுவரில் 3 அடிக்கு மேலே ஏழெட்டு டைல்தான் காலிச் சத்தம். கீழே பாதிக்குப் பாதி. தரைக்கு வேறு சோதனை: வடிகால் வாயை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுவிட வேண்டும். விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தால் எவ்வளவு இறங்கியது என்று தெரியும்.

இந்த இரண்டு சோதனைக்கும் ஒரு பைசா செலவில்லை. மூன்று வழிகளில் எது என்று முடிவு செய்ததும் இவைதான். நாங்கள் மூன்றாவது வழியை எடுத்தோம். இடிபாடு முப்பது மூட்டையாகக் குறைந்தது. உடைத்த கீழ்ச்சுவரைப் பழைய டைல் முகத்தோடு சமமாகப் பூசி எடுத்ததால் மேலே ஒட்டும்போது மேடுபள்ளம் இல்லை. தரைக்கும் ஓர் அடி உயரம் வரை சுவருக்கும் இரண்டு கோட் வாட்டர்ப்ரூஃப் அடித்து, மறுபடி தண்ணீர் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் டைல்ஸ் பதித்தோம். சமவெளியில் ஒரே நாளில் காயும் கோட் இங்கே மூடுபனியில் இரண்டு மூன்று நாள் பிசுபிசுக்கும். அவசரப்பட்டால் எல்லாம் வீண்.

உங்கள் சுவரும் தரையும் இரண்டு சோதனையிலும் தேறினால் 1,30,000 வழியே போதும். ஒன்று மட்டும்: தரைமேல் தரை ஒட்டினால் மட்டம் அரை அங்குலமாவது உயரும். கதவின் அடிப்பக்கத்தை அறுக்க வேண்டிவரும், வடிகால் ஜாலியையும் உயர்த்த வேண்டும். ரேட் பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

இனி வெந்நீர். என்னைக் கேட்டால் மலை வீட்டுக் குளியலறையில் மிச்சம் பிடிக்கக் கூடாத முதல் செலவு இது.

கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி, "15 லிட்டர் கீசர் தாராளமாப் போதும் அக்கா, எங்க வீட்டுல அதுதான்" என்றான். அவன் வீட்டில் போதும். ஜனவரியில் ஒரு நாள் காலை எங்கள் தொட்டித் தண்ணீரில் வெப்பமானியை வைத்தேன்: 13 டிகிரி. அவன் வீட்டுத் தண்ணீர் 27 டிகிரி என்று வையுங்கள். கீசரில் 15 லிட்டர் 60 டிகிரிக்குக் காய்கிறது. பச்சைத் தண்ணீர் விளாவி 40 டிகிரிக்குக் கொண்டுவருகிறோம். அவனுக்கு 38 லிட்டர் குளிக்கும் தண்ணீர் கிடைக்கும். எங்களுக்கு 26 லிட்டர்தான். அதே பெட்டி, மின்சாரமோ இங்கே கூடுதல், அப்படியும் முக்கால் வாளி குறைகிறது. இங்கே 25 லிட்டர் கீசர் வைத்தால்தான் அவன் வீட்டு 15 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே, 43 லிட்டர் வரும். விலையில் வித்தியாசம் எங்களுக்கு 2,500 ரூபாய்.

சுவரில் சின்னதாகத் தொங்கும் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் 3,500 ரூபாய்க்கே கிடைக்கிறது. பட்ஜெட் போடும்போது கண் அங்கேதான் போகும். அதன் 3,000 வாட் கம்பியால் 13 டிகிரித் தண்ணீரை 40 டிகிரிக்கு ஏற்ற முடிவது நிமிஷத்துக்கு 1.6 லிட்டர்தான். ஒரு வாளி நிரம்பப் பத்து நிமிஷம், அம்மா ஈரத் தரையில் நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டும். காலையில் எல்லா வீட்டிலும் கீசர் ஓடும் நேரம் வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் அந்த 3,000 வாட் 1,840 வாட்டாகச் சுருங்கிவிடும். கை கழுவும் பேசினுக்கு அது போதும், குளிக்க வேண்டாம்.

கேஸ் கீசருக்கு வோல்டேஜ் கவலை இல்லை, தண்ணீரும் வேகமாக வரும். ஓடும் செலவிலும் மின்சாரத்துக்கும் அதற்கும் எங்கள் கணக்கில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: அதைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. அது எரிய அறையின் காற்றை எடுத்துக்கொள்கிறது. காற்று போதாதபோது கார்பன் மோனாக்சைடு வரும், நிறமில்லை, வாசனையில்லை. குளிருக்காக ஜன்னல் இடுக்கிலும் துணி செருகுகிற பழக்கம் நமக்கு. மூடிய அறைக்குள் கேஸ் எரிந்தால் குளிக்கப் போனவர் வெளியே வரமாட்டார். வைப்பதென்றால் வீட்டுக்கு வெளியே, கூரை இறக்கத்துக்குக் கீழே, காற்றாடும் இடத்தில் வைத்துக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். இடமில்லையா, வாங்காதீர்கள்.

சோலார் 100 லிட்டருக்குக் குழாயோடு சேர்த்து 25,000-க்கு மேல் சொன்னார்கள். வெயில் இருக்கும் மாதங்களில் அருமையான பொருள். எங்களுக்குத் தோதுப்படவில்லை. கோத்தகிரி கிழக்குப் பக்கம், வடகிழக்குப் பருவமழை இங்கேதான் நன்றாகக் கொட்டும். வெந்நீர் அதிகம் தேவைப்படும் மாதங்களில் மேகம் மூடிக்கொள்ளும். கூடவே எங்கள் கூரைமேல் மேல்வீட்டு சில்வர் ஓக் நிழல். திறந்த மேட்டில் வீடு இருப்பவர்களுக்கு இந்தப் பதில் மாறும். உறைபனி விழும் ஊட்டிப் பள்ளத்தாக்குகளில் சோலார் வைப்பவர்கள் தகடு வகையைத் தவிர்த்துக் கண்ணாடிக் குழாய் வகையை எடுப்பது நல்லது. செம்புக் குழாயில் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும்.

கடைசியாக, அம்மாவின் பாய்லர். செம்பில் அடித்தது, நடுவில் புகைபோக்கி, ஓரத்தில் புனல். அடியில் தேயிலைக் கவாத்து மிளாரைப் போட்டுக் கொளுத்தி, புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மூக்கு வழியாக ஒரு சொம்பு வெந்நீர் வெளியே வரும். ஊற்றிய அளவுக்குத்தான் வரும், கூடவும் இல்லை குறையவும் இல்லை. விறகுச் செலவு கிட்டத்தட்ட இல்லை. கஷ்டம் எங்கே என்றால், கொல்லையிலிருந்து குளியலறைவரை அந்த வாளியைத் தூக்கி வருவதில். போன வருஷம் அம்மா வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டது அந்த வழியில்தான்.

ஆகவே 25 லிட்டர் கீசர், 11,000 ரூபாய். மூன்று பேருக்கு ஆளுக்கு 20 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 2 யூனிட், இரண்டு மாதத்தில் 120. மின்கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101-ஆவது யூனிட்டிலிருந்தே விலை மாறிவிடும். எங்கள் வீட்டு அளவு 260-ல் இருப்பதால் பயமில்லை. 400-ல் இருக்கும் வீடுகள் இதை யோசிக்க வேண்டும். பாய்லரை விற்கவில்லை. காற்று மழையில் கற்பூர மரம் கம்பிமேல் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் போவது இங்கே புதிதல்ல. கொல்லையிலேயே இருக்கட்டும், அந்த நாட்களில் வாளியை நான் தூக்குகிறேன்.

எங்கே வாங்குவது என்பதிலும் மலைக்கணக்கு வேறு. டைல்ஸ் மேட்டுப்பாளையத்தில் சதுர அடி 38, கோத்தகிரியில் 46. சுவருக்கும் தரைக்கும் சேதாரம் சேர்த்து 245 சதுர அடிக்கு மிச்சம் ஏறக்குறைய 2,000 ரூபாய். 33 கிலோமீட்டர் மலையேற பிக்கப் வாடகை 3,500. ஒரே ஒரு குளியலறைக்கு இறங்கி வாங்குவது நஷ்டம். உடைந்தால் மாற்றவும் முடியாது. டைல்ஸையும் சிமெண்டையும் ஊரிலேயே எடுத்தோம். குழாய், ஷவர், கீசர் மாதிரிக் கனமில்லாமல் விலை உள்ள சாமான்களை மட்டும் கீழே வாங்கினோம். அதில் 6,000 மிச்சமானது. இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து வேலை செய்தால் பிக்கப் கணக்கு மாறும். வெந்நீர் லைனுக்கு மட்டும் சிபிவிசி குழாய்தான். சாதாரண பிவிசி சூட்டில் தளர்ந்துவிடும்.

பிரஷர் பம்பு என்று ஒரு வரி எஸ்டிமேட்டில் இருந்தது, 9,000. அடித்துவிட்டேன். எங்கள் தொட்டி சாலை மட்டத்தில் இருக்கிறது, குழாய் 20 அடிக்கு மேல் கீழே. அந்த இறக்கமே போதிய வேகம் கொடுக்கிறது. படிகளால் வந்த ஒரே லாபம் இது.

கூலியைப் பொறுத்தவரை, உடைக்கவும் வாட்டர்ப்ரூஃபுக்கும் நாள் கூலி, டைல்ஸ் பதிக்க மட்டும் சதுர அடிக் கணக்கு. காயக் காத்திருக்க வேண்டிய வேலையை மொத்த ஒப்பந்தத்தில் விட்டால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். மாதம் என்றால் பிப்ரவரி கடைசியும் மார்ச்சும். பனி ஓய்ந்திருக்கும், சீசன் தொடங்கியிருக்காது. மே மாதம் சீசன் கூட்டத்தில் மலைப்பாதையை ஒருவழியாக்கும்போது வண்டிகளை இறக்கத்துக்கு எங்கள் கோத்தகிரி வழியில்தான் திருப்பிவிடுவார்கள். அந்த நாட்களில் சாமான் ஏற்றிவர வண்டிக்காரர்கள் சொல்லும் வாடகை தலைசுற்றும்.

கண்ணாடித் தடுப்பு, ஜிப்சம் கூரை, நாலடி டைல்ஸ் மூன்றையும் விட்டுவிட்டோம். ஜிப்சம் எங்கள் ஈரத்தில் ஒரு மழைக்காலம் தாங்காது. நாலடி டைலை 43 படியில் இறக்கும்போது எத்தனை உடையும் என்று மேஸ்திரியே பொறுப்பேற்கவில்லை. அதற்குப் பதில் 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று 1,600-க்கு மாட்டினோம். குளித்த ஆவி குளிர்ந்த சுவரில் படிந்து கூரை மூலையில் வரும் கறுப்புப் பூஞ்சணம் இந்த வருஷம் வரவில்லை. தரைக்குச் சொரசொரப்பான ஒரு அடி டைல். வாளி வைக்கும் இடத்துக்கும் கதவுக்கும் நடுவே, அம்மாவின் கை எட்டும் உயரத்தில், ஒரு ஸ்டீல் கைப்பிடி. 850 ரூபாய். செங்கல்லில் துளை போட்டு நாலு போல்ட் இறுக்கிய அன்று அம்மா அதைப் பிடித்து இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது போதும்டி" என்றாள்.