வீட்டிலேயே ஸ்ப்ரே அடித்த காரின் உள் பிளாஸ்டிக்: 3 வருடத்தில் எது நின்றது, எது உரிந்தது

டிரைவர் பக்கக் கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்துகிற பிடியில், நடுவிரலும் மோதிர விரலும் அழுந்தும் இடத்தில் நகக்கண் அளவுக்குக் கருப்பு தெரிகிறது. சுற்றிலும் நான் அடித்த சாம்பல் கலர், அதன் ஓரத்தில், கலருக்கு அடியில் பிடிமானத்துக்காக அடிக்கும் பிரைமரின் மெல்லிய வெளிர் வளையம், நடுவில் காரோடு வந்த பழைய பிளாஸ்டிக். இத்தனைக்கும் இது இரண்டாவது முறை அடித்தது. முதல் முறை அடித்தது 8 மாதம்கூடத் தாங்கவில்லை. ஆனால் கை நீட்டும் தூரத்தில் இருக்கும் ஏசி வென்ட் சட்டம் முதல் முறை அடித்தபடியே, 3 வருடமாக ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பிரைமர், ஒரே கலர்.

இந்த வித்தியாசம் எதனால் வந்தது என்பதுதான் 3 வருடத்தில் நான் கற்றுக்கொண்ட பெரும்பகுதி. அடித்த அன்று எடுத்த போட்டோவில் எல்லாமே புதுசு மாதிரிதான் இருக்கும். அதை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவு நாள் காத்திருந்து எழுதுகிறேன்.

நான் அடித்தவை: மியூசிக் சிஸ்டத்தைச் சுற்றியுள்ள நடு பேனல், இரண்டு வென்ட் சட்டங்கள், கியர் லிவரைச் சுற்றிய தட்டு, நான்கு கதவுகளின் பவர் விண்டோ சுவிட்ச் பேனல்கள், நான்கு பிடிகள், கன்சோலின் கீழ்ப்பக்கம் இருபுறமும். சுவிட்ச் பேனல்களில் கம்பெனியிலேயே ரப்பர் மாதிரி மெத்தென்ற பூச்சு இருந்தது. வருடங்கள் ஓட ஓட அது பிசுபிசுவென்று ஆகி, விரலில் ஒட்ட ஆரம்பித்துவிட்டது. அந்தப் பாலியூரித்தேன் பூச்சு காற்றிலுள்ள ஈரத்தாலும் சூட்டாலும் சிதைவதால் வரும் கோளாறு அது. எவ்வளவு துடைத்தாலும் போகாது. நான் இந்த வேலையில் இறங்கியதே அந்தப் பிசுபிசுப்பு தாங்காமல்தான்.

அதை எடுக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பனியன் துணியும் பொறுமையும் போதும். துணியை நனைத்து ஒரு நிமிடம் மேலே போட்டு வைத்தால் பூச்சு இளகி உருண்டு உருண்டு வரும். சீக்கிரம் முடியட்டும் என்று ஒரு பேனலில் மட்டும் தின்னர் போட்டேன். பூச்சோடு சேர்ந்து அடியிலிருந்த ஏபிஎஸ் பிளாஸ்டிக்கும் இளகிவிட்டது. துணியின் நெசவு அப்படியே மேற்பரப்பில் பதிந்தது. அதைச் சமப்படுத்த 320ஆம் நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி மூன்று நாள் தேய்க்க வேண்டியிருந்தது. ஏபிஎஸ் அசிட்டோனில் கரையும். பல தின்னர்களில் அசிட்டோனோ அது போன்ற கரைப்பானோ இருக்கும். உள் பிளாஸ்டிக் பக்கம் தின்னர் பாட்டிலையே கொண்டுபோகாதீர்கள்.

பட்டறையில் பெயின்ட் வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம், எந்த கேன் நல்லது என்று கேட்டேன். "கேன் கிடக்கட்டும் சார், முதல்ல பேனலைத் திருப்பிப் பாருங்க, பின்னாடி பேரு போட்டிருப்பான்" என்றார். உண்மைதான். ஒவ்வொரு பாகத்தின் முதுகிலும் அது என்ன பிளாஸ்டிக் என்று சின்ன எழுத்தில் அச்சு வார்த்திருக்கிறார்கள். வென்ட் சட்டத்தில் ஏபிஎஸ். கதவுப் பிடியில் பிசி கூட்டல் ஏபிஎஸ், அதாவது பாலிகார்பனேட்டும் ஏபிஎஸ்ஸும் கலந்தது. கன்சோல் கீழ்ப்பக்கத்தில் பிபி, பக்கத்தில் டிடி 20. அதாவது 20 சதவீதம் டால்க் கலந்த பாலிபுரொப்பிலீன்.

பிபி என்ற அந்த இரண்டு எழுத்துதான் விஷயம். ஏபிஎஸ்ஸைத் தேய்த்துச் சுத்தம் செய்தால் பிளாஸ்டிக் பிரைமர் நன்றாகப் பிடிக்கும். பாலிபுரொப்பிலீன் மெழுகு மாதிரி; தண்ணீர் விட்டால் முத்து முத்தாக உருண்டு நிற்கும், பரவாது. தண்ணீரையே ஒட்டவிடாத பரப்பு பெயின்டை மட்டும் எப்படி விடும்? அதற்கு முதலில் அட்ஹிஷன் ப்ரமோட்டர் என்ற நிறமில்லாத ஸ்ப்ரேயை மெல்லிசாக அடித்து, அது காயும் தறுவாயில், கேனில் சொன்ன நேரத்துக்குள் அடுத்த கோட் கொடுக்க வேண்டும். நான் முதல் முறை அதை வாங்கவில்லை. கேனில் 'பிளாஸ்டிக் பிரைமர்' என்று போட்டிருக்கிறதே, போதும் என்று நினைத்தேன். 5 மாதம் ஒழுங்காக இருந்தது. ஒருநாள் இறங்கும்போது ஷூவின் ஓரம் இடித்து ஒரு முனை கிளம்பியது. அதைப் பிடித்து இழுத்தேன். பெயின்ட், பிரைமர் எல்லாம் ஒரே தாளாக, உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து கையோடு வந்தது. பின்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. பிளாஸ்டிக்கோடு அது ஒட்டவே இல்லை, வெறுமனே மூடிக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறது.

மறுபடி முழுதும் உரித்து, தேய்த்து, ப்ரமோட்டர் போட்டு அடித்தேன். 2 வருடத்துக்கு மேல் ஆகிறது. ஷூ உரசிய தடங்கள் உண்டு, ஆனால் எங்கும் கிளம்பவில்லை. போன மாதம் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பார்த்தேன். டேப்போடு ஒன்றும் வரவில்லை.

சுத்தம் செய்வதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் பழைய பல்தேய்க்கும் பிரஷ் கொண்டு கழுவ வேண்டும், பிறகு காயவைத்து ஆல்கஹால் துடைப்பு, அதன்பிறகுதான் 600 அல்லது 800 நம்பர் தேய்ப்பு, கடைசியில் மறுபடி ஆல்கஹால். சுத்தம் செய்யாமல் முதலில் தேய்த்தால் மேலே உள்ள எண்ணெய்ப்பசையை அந்தக் கீறல்களுக்குள்ளேயே திணித்துவிடுவோம். டேஷ்போர்டுக்கு அடிக்கிற பளபளப்பு பாலிஷ்களில் பெரும்பாலும் சிலிகான் இருக்கும். நடு பேனலில் வருடக்கணக்காக அதைத்தான் பூசி வந்திருந்தேன். முதல் கோட் அடித்த சில விநாடிகளில் பெயின்ட் அங்கங்கே விலகி, மீன் கண் மாதிரி வட்டக் குழிகள் விழுந்தன. மேலே இன்னொரு கோட் அடித்தால் மூடிவிடும் என்று தோன்றும். மூடாது, குழிதான் ஆழமாகும். காயவைத்துத் தேய்த்து எடுத்துவிட்டு, சோப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

அடிக்கும் முறை எல்லோரும் சொல்வதுதான். கேனை உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்ட பிறகும் 2 நிமிடம் குலுக்கணும், 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி நிற்கணும், பாகத்துக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடிக்கணும், கோட்டுக்குக் கோட் 10 முதல் 15 நிமிடம் விடணும். முதல் கோட் பூவாகத் தூவின மாதிரி, அடியில் உள்ளது தெரிகிற மாதிரிதான் இருக்க வேண்டும். அங்கே அவசரப்பட்டால் வழிந்துவிடும். மழை ஈரம் காற்றில் நிற்கும் நாளில் அடிக்காதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, வெள்ளை மூட்டம் போட்டுவிடும்.

இனி கலருக்கு மேல் பாதுகாப்புக்காக அடிக்கும் நிறமில்லாத கிளியர் கோட். ஆயுள் வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான். சாதாரண 1கே கிளியர் கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே காய்கிறது. மறுபடி ஒரு கரைப்பான் பட்டால் இளகும். 2கே கிளியரில், அதை இறுகவைக்கும் ஹார்டனர் கேனுக்குள்ளேயே தனி அறையில் இருக்கும். கேனின் அடியிலுள்ள பொத்தானை அழுத்திக் கலந்ததும் வேதிவினை நடந்து பின்னல் போல இறுகிவிடுகிறது. முதல் முறை எல்லா பாகத்துக்கும் 1கேதான் அடித்தேன். யாரும் தொடாத வென்ட் சட்டத்துக்கும் நடு பேனலுக்கும் அது போதுமானதாக இருந்தது. வால்யூம் குமிழைச் சுற்றி மட்டும் விரல் பட்டுப் பட்டு பூச்சு லேசாகப் பளபளக்கிறது.

கை படும் இடங்களில் கதை வேறு. வியர்வை, கை கிரீம், சானிட்டைசர், எல்லாவற்றுக்கும் மேலாக சன்ஸ்கிரீன். வெயிலைத் தடுக்க அதில் சேர்க்கும் எண்ணெய்த்தன்மையுள்ள பொருட்கள் பெயின்டுக்குள் ஊறி அதை மென்மையாக்கும். கொசு விரட்டி கிரீம்களில் இருக்கும் டீட் என்ற பொருள் இன்னும் மோசம். அது பல பிளாஸ்டிக்குகளையே இளக்கக்கூடியது. டிரைவர் பக்க சுவிட்ச் பேனலில் உள்ளங்கை படியும் ஓரம் 6 மாதத்தில் ஒட்ட ஆரம்பித்தது, 8 மாதத்தில் கலர் தேய்ந்தது. எந்தப் பிசுபிசுப்பிலிருந்து தப்பிக்க இந்த வேலையைத் தொடங்கினேனோ அதே பிசுபிசுப்பு நான் அடித்த பெயின்டிலேயே வந்ததைப் பார்த்து மனம் நொந்துபோனது. நான்கு சுவிட்ச் பேனல்களையும் நான்கு பிடிகளையும் மறுபடி கழற்றி 2கே அடித்தேன். இரண்டு வருடம் தாண்டியும் சுவிட்ச் பேனல்கள் அப்படியே இருக்கின்றன. பின் கதவுப் பிடிகள் புதிது மாதிரி. டிரைவர் பக்கப் பிடியில் மட்டும் அந்த நகக்கண் அளவு தேய்மானம், மோதிரம் உரசும் இடம்.

2கே வாங்குவதற்கு முன் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த ஹார்டனர் ஐசோசயனேட். மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. ஒருமுறை உடல் ஒவ்வாமையாகிவிட்டால் பிறகு துளி பட்டாலும் தாங்காது. வாசனை வந்ததும் விலகிக்கொள்ளலாம் என்று நினைக்க முடியாது, ஆபத்தான அளவிலும் அது மூக்குக்குத் தெரியாது. துணி மாஸ்க், தூசி மாஸ்க் எதற்கும் உதவாது. பட்டறைகளில் வெளியிலிருந்து குழாய் வழியே காற்று வரும் முகமூடி போட்டுக்கொண்டுதான் அடிக்கிறார்கள். வீட்டில் அந்த வசதி இல்லாததால், நான் திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, கரிம ஆவிக்கான புது கார்ட்ரிட்ஜ் போட்ட முகமூடி, கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டையோடு அடித்தேன். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்தேன். இந்த ஏற்பாடு முடியாதென்றால் 2கே வேண்டாம். சுவிட்ச் பேனல்களைப் பட்டறையில் கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள், மற்றதை நீங்கள் செய்யுங்கள்.

அதைவிடவும் முக்கியம், ஏர்பேக் இருக்கும் எந்த மூடியிலும் பெயின்ட் அடிக்காதீர்கள். ஸ்டியரிங் நடு மூடி, டேஷ்போர்டின் பயணி பக்கம், ஏர்பேக் என்று எழுதியிருக்கும் தூண் மூடிகள், எதையும் தொடக் கூடாது. அவை குறிப்பிட்ட கோட்டில் கிழிந்து திறக்கும்படி வடிவமைத்தவை. மேலே ஏறும் பெயின்ட் அந்தக் கிழிசலை மாற்றலாம், சில்லுகளாக முகத்தில் தெறிக்கலாம். கழற்றும் வேலை அவற்றுக்குப் பக்கத்தில் வந்தால் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, காரோடு வந்த புத்தகத்தில் சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும். டேஷ்போர்டின் மேல்பரப்பையும் நான் விட்டுவிட்டேன். அங்கே கொஞ்சம் பளபளப்பு வந்தாலும் முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசும்.

பலரும் கவனிக்காத ஒன்று பெயின்டின் கனம். பிரைமர், மூன்று கோட் கலர், இரண்டு கோட் கிளியர் என்று சேரும்போது ஒரு தாளின் கனம் வந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சுவிட்ச் வெளியே வரும் ஓட்டையில் இரண்டு பக்கமும் அந்தக் கனம் ஏறினால் இடைவெளி போய்விடும். பின் கதவுக் கண்ணாடி சுவிட்ச் ஒன்று அழுத்தினால் திரும்பி மேலே வராமல் பிடித்துக்கொண்டது. பின் சீட்டில் குழந்தை உட்காரும் காரில் அது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. அன்றே கழற்றி, ஓட்டையின் உள்விளிம்பை 400ஆம் நம்பர் பேப்பரைக் குச்சியில் சுற்றித் தேய்த்துச் சரிசெய்தேன். இரண்டாம் முறை உள்விளிம்புகளுக்கும் கிளிப் மாட்டும் காதுகளுக்கும் டேப் ஒட்டிவிட்டே அடித்தேன். அதேபோல, பெயின்ட் அடித்த இரண்டு ஓரங்கள் ஒன்றோடொன்று உரசினால் ஓட்டும்போது கிரீச்சிடும். நடு பேனலின் பின்விளிம்பில் ஃபெல்ட் டேப் ஒட்டியதும் அந்தச் சத்தம் நின்றது.

மாட்டுவதிலும் அவசரம் கூடாது. முதல் முறை, தொட்டால் ஒட்டவில்லை என்று இரண்டாம் நாளே மாட்டி, வெயிலில் காரைப் பூட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி, முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் பூசின மாதிரி மங்கல். உள்ளே தங்கியிருந்த கரைப்பான் சூட்டில் வெளியேறிக் கண்ணாடியில் படிந்திருக்கிறது. இப்போதெல்லாம் குறைந்தது ஒரு வாரம் காற்றோட்டமான இடத்தில் கம்பியில் தொங்கவிடுகிறேன். மூக்கருகே வைத்து வாசனை இல்லையென்றால்தான் மாட்டுவேன்.

கியர் தட்டில் சாவி விழுந்து ஒரு சின்ன சில்லு பெயர்ந்தது. பிரஷ்ஷால் தொட்டுச் சரிசெய்யப் பார்த்தேன், வெளிச்சத்தில் அந்தப் புள்ளி தனியாகத் தெரிகிறது. பளபளப்பே இல்லாத மேட், லேசாக மட்டும் பளபளக்கும் சாட்டின் பூச்சுகளில் ஓரிடத்தை மட்டும் தேய்த்து மெருகேற்றினால் அங்கே பளபளப்பு மாறிவிடும். பழுது பார்த்தால் முழு பாகத்தையும்தான் அடிக்க வேண்டும். பளபளப்பான கிளியர் என்றால் தேய்த்து பாலிஷ் போட்டுக் கலந்துவிடலாம். ஆனால் அதில் தூசியும் விரல் ரேகையும் ஓயாது. நான் இன்னும் சாட்டின் பக்கம்தான்.

துடைக்க ஈர மைக்ரோஃபைபர் துணி மட்டும். சானிட்டைசர் பாட்டிலைக் கப் ஹோல்டரிலிருந்து எடுத்துக் கதவுப் பைக்கு மாற்றிவிட்டேன். அது கசிந்து நடு பேனலின் கீழ் ஓரத்தில் ஒரு வெளிறிய கோடு போட்டிருக்கிறது, போகவில்லை.

டிரைவர் பக்கப் பிடியை நேற்று கழற்றிவிட்டேன். மறைந்திருந்த ஸ்க்ரூ இரண்டும் இந்த முறை தேடாமலே கிடைத்தன. 800ஆம் நம்பர் பேப்பர் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது. இம்முறை விரல் அழுந்தும் உட்புறத்துக்கு மட்டும் கிளியர் ஒரு கோட் கூடுதலாகக் கொடுக்கப் போகிறேன்.