ஒன்லைன் கலந்துரையாடலா, நேரடிக் கலந்துரையாடலா? மட்டக்களப்பு, அம்பாறை உயர்தர வகுப்புகளில் நீண்டகாலப் பாவனை அனுபவம்

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது வட்ஸ்அப்பும் சூமும் வேறு வழியின்றி வகுப்புக்குள் வந்தன. 2022இல் எரிபொருளும் மின்சாரமும் தட்டுப்பாடாக இருந்த மாதங்களில் திரும்பவும் அவற்றையே பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று அந்தக் கட்டாயம் இல்லை. குரூப் மட்டும் இருக்கிறது. அதில் நோட்ஸும் லீவு அறிவித்தலும் போகின்றன. அதே குரூப்பில் கலந்துரையாடல் நடத்தினால் பிள்ளைகள் கற்பது கூடுமா, குறையுமா என்பதே இங்கே பார்க்கும் விஷயம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எழுத்தில் நடக்கும் ஒன்லைன் கலந்துரையாடல் எல்லாப் பிள்ளைகளையும் பேச வைக்கிறது. ஒரு கருத்தை மற்றக் கருத்தோடு மோதவிட்டு, இரண்டையும் சேர்த்துப் புதிதாக ஒன்றை எட்டுவது நேரடி வகுப்பில்தான் ஒழுங்காக நடக்கிறது. ஆகவே வீட்டில் எழுதிவிட்டு வந்து வகுப்பில் கதைப்பதே நல்ல ஒழுங்கு. சூம் கலந்துரையாடலுக்குக் கடைசி இடம்தான்.

கேள்வி சரியில்லையென்றால் எந்த முறையும் உதவாது. “களப்பின் (வாவியின்) முக்கியத்துவத்தை விளக்குக” என்று போட்டால் நாற்பது பேரும் ஒரே பந்தியை எழுதுவார்கள். கதைப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. தரம் 12 புவியியலுக்கு இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “மாரி மழையில் வாவி நிரம்பிவிட்டது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை இன்றைக்கே வெட்ட வேண்டுமா, பொறுத்திருக்க வேண்டுமா? ஒரு பக்கம் எடுத்து, இரண்டு காரணம் சொல்லுங்கள்.” வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வேளாண்மை தண்ணிக்குள் கிடக்கும் வீட்டுப் பிள்ளை உடனே வெட்டச் சொல்லும். வாவியில் இறாலும் மீனும் பிடிக்கும் வீட்டுப் பிள்ளை, வெட்டினால் பிடிபடுவதெல்லாம் கடலுக்குப் போய்விடும், உப்பும் ஏறும் என்று தடுக்கும். இரண்டு பக்கத்துக்கும் உண்மையான நியாயம் இருக்க வேண்டும். பிள்ளைக்கு அதில் சொந்த அறிவும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் கலந்துரையாடல் தானாக ஓடும்.

எழுத்து முறையில் முதலில் கெடுவது பிரதி பண்ணுதல். முதலாவது பிள்ளை நன்றாக எழுதிவிட்டால் மற்றவர்கள் அதையே சொல் மாற்றிப் போடுவார்கள். சோம்பல் என்று ஏசிப் பயனில்லை, மற்றவரின் விடை கண் முன்னே கிடக்கும்போது அது எவருக்கும் வரக்கூடிய பழக்கம்தான். கூகுள் கிளாஸ்ரூமில் ‘கேள்வி’ வகையைத் தெரிந்து, மாணவர் ஒருவருக்கொருவர் பதில் எழுத அனுமதித்தால், தன் விடையை அனுப்பிய பிறகே மற்றவர்களின் விடை தெரியும். பல்கலைக்கழகங்களில் பாவிக்கும் மூடில் (Moodle) என்ற கற்றல் தளத்திலும் கேள்வி–பதில் வகை மன்றம் இப்படித்தான் வேலை செய்யும். ஆனால் அங்கே எழுதியதைத் திருத்தும் நேரம், வழமையாக 30 நிமிடம், முடிந்த பிறகே மற்றவை திறக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பதிவு போகவில்லை என்று நினைத்து இரண்டு, மூன்று தரம் அனுப்புவார்கள். வட்ஸ்அப்பில் இந்த வசதி இல்லை. அங்கே முதல் விடையை ஆசிரியருக்குத் தனியாக அனுப்பச் சொல்லி, நேரம் முடிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்துக் குரூப்பில் போடுவதுதான் வழி.

அளவும் நாளும் திட்டமாக இருக்க வேண்டும். முதற்பதிவு 80 முதல் 120 சொல், புதன் இரவுக்குள். இரண்டு பதில்கள்; வெள்ளி இரவுக்குள். ஒவ்வொரு பதிலும் மற்றவரின் ஒரு வரியை எடுத்துக்காட்டி, அதற்கு எதிரான ஒரு சான்றையோ ஒரு கேள்வியையோ வைக்க வேண்டும். “நல்ல கருத்து”, “நானும் உடன்படுகிறேன்” போன்றவை கணக்கில் சேராது. வட்ஸ்அப்பில் ஒரே குரூப்பில் நாற்பது பேரை விட்டால் மூன்று கேள்விக்கான பதில்கள் கலந்து, யார் யாருக்குச் சொன்னார் என்றே தெரியாமல் போய்விடும். எட்டுப் பேர் கொண்ட ஐந்து குரூப்பாகப் பிரித்து, எந்தச் செய்திக்குப் பதிலோ அந்தச் செய்தியை இழுத்துப் பதில் எழுதப் பழக்குங்கள். நேரம் முடிந்ததும் ‘அட்மின் மட்டும்’ என்று மாற்றிவிட்டால் நள்ளிரவுச் சளசளப்பு நிற்கும்.

தமிழில் தட்டச்சு செய்யத் தயங்கும் பிள்ளைகளே அதிகம். கொப்பியில் எழுதிப் படம் எடுத்து அனுப்பலாம், ஆனால் படத்துக்குள் இருக்கும் வரியை எடுத்துக்காட்டிப் பதில் எழுதுவது மற்றவர்களுக்குச் சிரமம். போனில் தமிழில் சொல்லச் சொல்ல எழுதும் குரல் உள்ளீடு இருக்கிறது. அது பேச்சு வழக்கைப் பிழையாகப் பிடிக்கும், ஒரு தரம் வாசித்துத் திருத்த வேண்டும். ஒரு நிமிடக் குரல் பதிவும் பரவாயில்லை. டேட்டாவும் மிகக் கொஞ்சமே போகும். அதற்கு மேல் நீண்டால் யாரும் முழுதாகக் கேட்பதில்லை.

ஆசிரியரின் வேலைப்பளுவையும் மறைக்கக்கூடாது. நாற்பது பேர் நூறு சொல் எழுதினால் நாலாயிரம் சொல். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதப் போனால் இரண்டாம் வாரத்தோடு கைவிட்டுவிடுவீர்கள். பதில் எழுதவும் தேவையில்லை. சேரோ டீச்சரோ இடையில் வந்து “சரியான விடை இதுதான்” என்று போட்ட கணமே பிள்ளைகளின் கதை முடிந்துவிடும். அரை மணிநேரம் வாசித்து, ஒன்றோடொன்று முரண்படும் மூன்று வரிகளை மட்டும் எடுத்து வையுங்கள். திங்கள் வகுப்புக்கு அதுவே மூலதனம்.

இதன் பலன் நேரடி வகுப்பில் தெரியும். வழக்கமான வகுப்பில் கேள்வி கேட்டால் அதே ஐந்தாறு பேர் கை தூக்குவார்கள், மற்றவர்கள் குனிந்திருப்பார்கள். 1970களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளைக் கவனித்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு வினாடியளவே காத்திருந்தார். மூன்று வினாடிக்கு மேல் பொறுத்தபோது விடைகள் நீண்டன, பேசாதிருந்த பிள்ளைகளும் பேசினார்கள். வீட்டில் எழுதுவது அந்த மூன்று வினாடியை இரண்டு நாளாக நீட்டுகிறது. கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையின் வரியைப் பெயரோடு கரும்பலகையில் எழுதிவிட்டு, “இதை இன்னும் கொஞ்சம் விளக்குங்கோ மகள்” என்றால் அந்தப் பிள்ளை பேசும். கையில் விடை ஏற்கெனவே இருக்கிறது, பிழையாகிவிடுமோ என்ற பயம் பாதியாகக் குறைந்திருக்கும்.

40 நிமிடப் பாடவேளையை இப்படிப் பிரிக்கலாம். முரண்படும் மூன்று வரிகளையும் பலகையில் வைத்து வாசிக்க 5 நிமிடம். நான்கு பேர் குழுவில் 8 நிமிடம். முன்வாங்குக்காரர் பின்னால் திரும்பினால் போதும், மேசையை இழுக்கத் தேவையில்லை. முழு வகுப்பாக 15 நிமிடம். தனியாக எழுத 7 நிமிடம். மிச்சம் 5 நிமிடம் வந்து இருப்பதற்கும் அடங்குவதற்கும் போய்விடும். அந்த 15 நிமிடம்தான் எல்லாவற்றிலும் பெறுமதியானது. “வெட்டினால் இறால் போகும் என்றாய், வெட்டாவிட்டால் வயல் போகுமே, அதற்கு என்ன?” என்று ஒரு பிள்ளை நேருக்கு நேர் கேட்கும்போது மற்றது தப்ப முடியாது. ஒன்லைனில் அப்படியே விட்டுவிட்டுப் போகலாம். எழுத்துக் கலந்துரையாடல்களை ஆராய்ந்த கரிசன், அண்டர்சன், ஆர்ச்சர் ஆகியோர் கண்டதும் இதைத்தான்: கருத்துகளை விரித்துப் போடும் கட்டத்தில் பதிவுகள் குவிகின்றன, ஒன்றிணைத்துத் தீர்வுக்கு வருவன மிகக் குறைவு.

ஆய்வு என்றால் இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2010இல் அமெரிக்கக் கல்வித் திணைக்களம் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, இரண்டையும் கலந்த வகுப்புகள் நேரடி வகுப்பை மட்டும் நம்பியவற்றை விட ஓரளவு நல்ல பெறுபேறு தந்ததாகச் சொன்னது. கலந்த வகுப்புகளில் பிள்ளைகளுக்குக் கூடிய நேரமும் கூடிய பாடப்பொருளும் கிடைத்திருந்தன என்பதையும் அதே தொகுப்பு சுட்டிக்காட்டியது. ஆக, ஒன்லைன் என்பதற்காக மட்டும் பலன் வராது. ஒரே கேள்வியோடு பிள்ளை எவ்வளவு நேரம் இருந்தது என்பதில்தான் வரும்.

சூமுக்கு ஏன் கடைசி இடம்? ஒரு மணிநேரக் காணொளிக்கு அரை ஜிபிக்கு மேலும் டேட்டா போகலாம். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தோடு கூட்டம் அறுந்துவிடும். மைக்கைத் திறந்து பேசத் தொடங்குவதற்குள் தருணம் கடந்துபோகும், ஆகவே அங்கே பத்து வினாடியாவது பொறுக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், ஒரு வீட்டில் ஒரு போன். அது வாப்பாவோடு கடலுக்கோ அப்பாவோடு வயலுக்கோ போயிருந்தால் பிள்ளைக்கு வகுப்பே இல்லை. எழுத்து முறையில் அதே பிள்ளை இரவு போன் வீட்டுக்கு வந்ததும் எழுதிவிடும். சூமைத்தான் பாவிக்க வேண்டிய நிலை என்றால் ஒரு உத்தி உதவும்: எல்லோரும் சட் (chat) பெட்டியில் விடையை எழுதி வைத்துக்கொண்டு, “அனுப்புங்கோ” என்றதும் ஒரே நேரத்தில் அனுப்பட்டும். பிரதி பண்ண இடமிருக்காது, எல்லோரும் சொன்னதாகவும் ஆகும்.

புள்ளி போடும் விஷயத்தில் கவனம் வேண்டும். எத்தனை பதிவு என்று எண்ணிப் புள்ளி கொடுத்தால் வெறும் பதிவுகள்தான் குவியும். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கு எடுப்பதானால் வகுப்பின் கடைசி 7 நிமிடத்தில் எழுதியதை எடுங்கள். அங்கே கேட்க வேண்டியது இரண்டு வரி: என் நிலைப்பாடு மாறியதா? யாருடைய எந்த வரியால் மாறியது, அல்லது எதனால் மாறவில்லை? மற்றவர் சொன்னதைக் கேட்காத பிள்ளையால் இதை எழுத முடியாது.

பெற்றோர் தயங்கும் ஒரு விஷயமும் உண்டு, அது நியாயமான தயக்கம். வட்ஸ்அப் குரூப்பில் எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும். பெண்பிள்ளையின் நம்பர் வெளியே போவதைப் பெற்றோர் விரும்பமாட்டார்கள்; இதனாலேயே நன்றாகக் கதைக்கக்கூடிய பிள்ளைகள் குரூப்புக்கே வராமல் நிற்கிறார்கள். கூகுள் கிளாஸ்ரூமில் பெயர் தெரியும், நம்பர் தெரியாது. வட்ஸ்அப்தான் என்றால் தாயின் நம்பரைச் சேர்த்து, தொடங்கமுன் பெற்றோர் கூட்டத்தில் விளக்கிவிடுங்கள்.

கார்த்திகை, மார்கழி மழைக்குத் தனித் திட்டம் தேவை. 2024 நவம்பர் இறுதியில் உயர்தரப் பரீட்சையையே இடைநிறுத்த வேண்டி வந்தது. அந்த வாரங்களில் படுவான்கரைப் பாதைகள் தண்ணிக்குள் போகும். கரண்டும் சிக்னலும் வந்து வந்து போகும். அப்போது புதன், வெள்ளி என்ற தவணையைத் தளர்த்தி, கேள்வியை மழைக்கு முன்னரே கொப்பியில் எழுதிக்கொடுத்து, விடையையும் கொப்பியிலேயே எழுதச் சொல்லுங்கள். பாடசாலை திறந்த முதல் நாள் கொப்பிகளை நான்கு பேருக்குள் மாற்றி, ஒவ்வொருவரும் மற்ற மூன்று கொப்பியிலும் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதினால் ஒன்லைன் செய்த வேலை டேட்டா இல்லாமலே நடந்துவிடும்.