முன் பிரேக்கில் ‘டிக்’ சத்தம்: புது பேடா, புது கிளிப்பா?

பிரேக்கை மிதித்ததும் காரின் முன் சக்கரத்தில் ‘டிக்’ என்று கேட்கிறது என்று சொன்னால் பொதுவாக மூன்று யோசனைகள் வரும். பேடை, அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற வட்டத் தகட்டை இருபக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டையை, மாற்று என்பார்கள். பேடு இருக்கட்டும், அது உட்காரும் சட்டமான பிராக்கெட்டைச் சுத்தம் செய்து, பேடைப் பிடிக்கும் புது கிளிப் போட்டு கிரீஸ் வை என்பார்கள். பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரையே மாற்றிவிடு என்றும் சிலர் சொல்வார்கள். நான் இரண்டாவதைச் செய்தேன், சத்தம் நின்றது. பேடில் இன்னும் கனம் இருந்தால் யாருக்கும் அதையே முதலில் சொல்வேன்.

அதற்கு முன் சத்தம் பேடிலிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத சமதளத்தில் மெதுவாக முன்னே நகர்ந்து பிரேக் போடுங்கள்: ஒரு டிக். மறுபடியும் முன்னே நகர்ந்து பிரேக்: சத்தம் இல்லை. ரிவர்ஸில் வந்து பிரேக்: டிக். திரும்ப முன்னே போய் பிரேக்: டிக். திசை மாறிய பிறகு வரும் முதல் மிதிக்கு மட்டும் சத்தம் வந்தால், பேடு பிராக்கெட்டுக்குள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்ந்து இடிக்கிறது என்று அர்த்தம். சுழலும் டிஸ்க், பிடித்த பேடைத் தன்னோடு இழுக்கும். பேடின் இரண்டு முனையிலும் உள்ள காதுகள் பிராக்கெட்டின் பள்ளத்தில் முட்டி நிற்கும். ரிவர்ஸில் அதே பேடு எதிர்ப் பக்கம் இழுபட்டு அங்கே முட்டும். இந்த முட்டல்தான் அந்த டிக்.

மற்ற சத்தங்களைப் பிரிப்பது சுலபம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது டிக்டிக் என்று தொடர்ந்து வந்தால், எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் அச்சின் மூட்டான சி.வி. ஜாயின்ட்டைப் பாருங்கள். பிரேக்கைத் தொடாமலே, சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப வந்தால் டயரில் சிக்கிய கல்லாக இருக்கலாம், தளர்ந்த வீல் நட்டாகவும் இருக்கலாம். நட் என்ற சந்தேகம் வந்தாலே வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பாருங்கள், வீடு போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டாதீர்கள். கிளம்பியதும் ஒரே ஒரு தடவை வரும் சத்தம், பல கார்களில் ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) தன்னைத்தானே சோதித்துக்கொள்வது. டிக் இல்லாமல் ‘டொக்’ என்று கனமாக இடித்தால் சஸ்பென்ஷன் பாகங்களான கன்ட்ரோல் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் பக்கம் போக வேண்டும்.

சரி, பேடுதான் நகர்கிறது என்று தெரிந்துவிட்டது. புது பேடு போட்டால் போகாதா? சில சமயம் போகும். புது பேடோடு பெட்டிக்குள் கிளிப்பும் வந்து, மெக்கானிக் அதையும் மாற்றியிருந்தால் சத்தம் நிற்கும், பெயர் மட்டும் பேடுக்குப் போகும். பழைய கிளிப்பிலேயே புது பேடைச் செருகினால் அதே டிக் திரும்ப வர எல்லா வாய்ப்பும் உண்டு. காது அளவு சரியாக இல்லாத பேடு வாங்கினால் சத்தம் கூடவும் செய்யலாம். தேய்கிற பாகத்தின் கனம் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டாலோ, வெடிப்பு தெரிந்தாலோ பேடை மாற்றுவது தவிர வேறு வழியில்லை. அப்போதும் இரண்டு முன் சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

நான் சுத்தம் செய்து கிளிப் மாற்றும் பக்கம் சாய்வதற்கு முக்கியக் காரணம் அந்தப் பிராக்கெட்டின் பள்ளம். அதில் உட்காரும் கிளிப் ஒரு மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு. பேடு ஆடாமல் லேசாக அழுத்திப் பிடிப்பதும், முன்னும் பின்னும் வழுக்கிப் போக விடுவதும் அதன் வேலை. நாளடைவில் சூட்டிலும் அதிர்விலும் அதன் விறைப்பு குறைந்து பேடு ஆடத் தொடங்கும். இது ஒரு கோளாறு. இன்னொன்று இதற்கு நேர் எதிரானது. கிளிப்புக்கு அடியில் பிராக்கெட் துருப்பிடித்து, அந்தத் துரு தடித்துத் தகட்டைத் தூக்கிவிடும். பள்ளம் குறுகிப்போய் பேடு இறுகும், பிரேக்கை விட்டபிறகும் டிஸ்க்கை விட்டு விலகாது. சக்கரம் சூடாகும், ஒரு பேடு மட்டும் வேகமாகத் தேயும்.

இந்த நிலையில் புது பேடு உள்ளே போகாது. உடனே அரத்தை எடுத்துப் பேடின் காதைத் தேய்த்து நுழைப்பார்கள். இதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. குறைக்க வேண்டியது துருவை. காதைத் தேய்த்துவிட்டால், பிறகு யாராவது துருவைச் சுத்தம் செய்யும்போது அந்தப் பேடு பள்ளத்தில் தளர்ந்து ஆடும், டிக் சத்தம் புதிதாக ஆரம்பிக்கும். கிளிப்பைக் கழற்றி, அடியில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷால் உலோகம் தெரியும்வரை எடுத்துவிட்டு, புது கிளிப் போடுவதுதான் முறையான வேலை. பேடு கையால் தள்ளினால் நகர வேண்டும், ஆனால் லொடலொடக்கக் கூடாது.

அப்புறம் கைடு பின். காலிப்பர் இரண்டு பின்களின் மேல் வழுக்கிப் போனால்தான் வெளிப்பக்கப் பேடு சரியாகப் பிடிக்கும். பல கார்களில் இரண்டில் ஒன்றுக்கு மட்டும் ரப்பர் புஷ் இருக்கும். கழற்றும்போது எது மேல், எது கீழ் என்று குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் சத்தம் அங்கிருந்தும் வரும். பின்னுக்குச் சிலிக்கோன் பிரேக் கிரீஸ்தான் வைக்க வேண்டும். சாதாரணப் பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை உப்ப வைத்துப் பின்னை இறுக்கிவிடும். கிளிப்பில் பேடின் காது படும் இடத்தில் சூடு தாங்கும் பிரேக் கிரீஸை மெல்லிதாகத் தடவினால் போதும். பேடின் முகத்திலும் டிஸ்க்கிலும் ஒரு துளிகூடப் படக்கூடாது.

பேடு மாற்றுவதற்கும் இதே சக்கரத்தைக் கழற்றி, இதே காலிப்பரைத் தூக்கியாக வேண்டும். கூடுதல் வேலை என்றால் பிராக்கெட்டைச் சுத்தம் செய்வது மட்டும்தான். அதனால் பேடு மாற்றும் ஒவ்வொரு தடவையும் கிளிப்பையும் சேர்த்து மாற்றுங்கள். மழையும் கடற்காற்றும் அதிகம் உள்ள இடத்தில் ஓட்டுபவர்கள் நடுவில் வருடத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்தால் பேடு கடைசிவரை சமமாகத் தேயும்.

காலிப்பரை மாற்றுவதற்கு டிக் சத்தம் மட்டும் காரணம் ஆகாது. பேடைத் தள்ளும் பிஸ்டன் இறுகியிருந்தால், பிரேக் திரவம் கசிந்தால், கைடு பின் உட்காரும் துளையே தேய்ந்து ஆடினால் மட்டும் யோசிக்கலாம். நான் வேலை செய்து பார்த்தது எல்லாம் வழுக்கும் வகைக் காலிப்பர்களில்தான். இருபக்கமும் பிஸ்டன் உள்ள நிலையான வகையில் பேடைப் பிடிப்பது பின்னும் ஸ்பிரிங் தகடும் என்பதால், அங்கே என் அனுபவத்தை அப்படியே பொருத்த வேண்டாம். அந்தக் காரின் கையேட்டைப் பாருங்கள்.

எதைச் செய்தாலும் காலிப்பரை பிரேக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். போல்ட்டை டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை பல முறை மிதியுங்கள். பிறகு அதே முன்னே, ரிவர்ஸ் சோதனையைச் செய்யுங்கள். பேடு வழுக்க இடைவெளி தேவை என்பதால், உன்னிப்பாகக் கவனித்தால் மட்டும் கேட்கும் அளவுக்கு ஒரு மெல்லிய டிக் மிஞ்சலாம், அதை விட்டுவிடலாம். பழைய அளவுக்கே கேட்டால் சஸ்பென்ஷன் புஷ்களைச் சோதிக்கச் சொல்லுங்கள்.