பெயர் மாற்றிச் சேமிப்பதா, கிட்டா?

ஒரு கட்டுரையையோ நிரலையோ திருத்தும்போது பழைய வடிவத்தையும் விட்டுவிடாமல் வைத்துக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 'சேவ் ஆஸ்' கொடுத்து வேறு பெயரில் சேமிப்பது. இதற்கு எதையும் நிறுவ வேண்டாம், கற்க வேண்டாம். பெயரில் 2025-03-09 என்று ஆண்டை முதலில் போட்டு எழுதினால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். 'கடைசி', 'புதுக் கடைசி' என்று வைத்தால் ஒரு மாதம் கழித்து எது எதுவென்று நமக்கே தெரியாது.

இன்னொன்று கிட் (Git). லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் வேலைக்காக எழுதிய மென்பொருள். கண்ணுக்குத் தெரியும் கோப்பு ஒன்றே ஒன்றுதான்; 'இதைப் பதிந்துகொள்' என்று நாம் கொடுக்கும் ஒவ்வொரு கமிட்டின்போதும் அந்த நேரத்து நிலை, மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டரில் பதிவாகிவிடும். கூடவே, 'இரண்டாம் பத்தி தேவையில்லை, எடுத்துவிட்டேன்' என்பதுபோல ஒரு வரிக் குறிப்பும் எழுதலாம். எனக்கு இதுதான் பெரிய விஷயம். என்ன மாறியது என்பதோடு ஏன் மாறியது என்பதும் நிற்கிறது. ஒப்பிட்டுக் காட்டும் 'கிட் டிஃப்' கட்டளையைக் கொடுத்தால் நீக்கிய வரி கழித்தல் குறியோடும் சேர்த்த வரி கூட்டல் குறியோடும் வந்து நிற்கும். இரண்டு நகல்களைத் திறந்துவைத்து இதைக் கண்ணால் தேடுவது பெரும்பாடு.

படம், வீடியோ என்றால் இந்த வரி ஒப்பீடு கிடைக்காது. அங்கே தேதிப் பெயரே போதும். உரையா, நிரலா? யோசிக்காமல் கிட்டுக்கு வாருங்கள். அப்புறம், எந்த வழியானாலும் வேறொரு வட்டில் ஒரு பிரதி கட்டாயம் இருக்கட்டும். வட்டு பழுதானால் எல்லா வடிவங்களும் சேர்ந்தே போய்விடும்.